குட்டி ஜப்பானும் கட்டைக் கூலியும்: ஓர் உவமையைக் குறித்த திறனாய்வு

நூல்களையும் கவிதைகளையும் அருளுரைகளையும் திறனாய்வு செய்து பழகிய நாம், ஊர்களுக்கு வழங்கும் பட்டப்பெயர்களைப் பொதுவாக அவ்வாறு நோக்குவதில்லை. எனினும் சிவகாசிக்கு வழங்கிவரும் ‘குட்டி ஜப்பான்’ என்னும் பெயரை இக்கட்டுரையில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அப்பெயர் ஓர் உவமை. இரண்டு நாடுகளை அருகருகே நிறுத்தி, ஒன்றின் புகழை மற்றொன்றின் மீது ஏற்றிச் சொல்லும் ஒப்பீடு. பண்டித நேரு இப்பெயரைச் சூட்டினார் என்று அவ்வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். வணிகர் அதனைப் பெருமையோடு சொல்கின்றனர். பாடநூல்களும் நாளேடுகளும் எடுத்தாள்கின்றன. அருளுரையாளராகிய நாமும் விலக்கல்லோம்.

இப்பொருளை நாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அருளுரை ஆற்ற அழைக்கப்பட்டிருந்தோம். உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசுகையில், வறண்ட கரிசல் மண்ணைக் ‘குட்டி ஜப்பான்’ ஆக்கிய கைகள் என்று சபையாரைப் புகழ்ந்துரைத்தோம். ஆராதனை முடிந்து அசனத்திற்குப் பந்தி விரித்துக்கொண்டிருந்த வேளையில், வாழ்நாளின் பெரும்பகுதியைத் தீப்பெட்டி ஆபீசில் கழித்த ஒரு முதிய தாயார் நம்மிடம் வந்து, “ஐயா, அந்த ஜப்பான்ல கட்டைக்கு எவ்வளவு குடுக்காக?” என்று கேட்டார். அவர் நம்மை மடக்கக் கேட்டதாகத் தெரியவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. ஆராய்ந்து சொல்கிறோம் என்று கூறிவிட்டுப் பந்தியில் அமர்ந்தோம்.

கட்டை என்பது இன்னதென்று அறியாத வாசகருக்காக ஒரு சொல். மருந்தில் முக்குவதற்கு முன்னர்த் தீக்குச்சிகளை வரிசை வரிசையாக, ஒன்றையொன்று தொடாதபடி ஒரு மரச் சட்டத்தில் அடுக்க வேண்டும். அந்தச் சட்டமே கட்டை. நாள் முழுவதும் எத்தனை கட்டை அடுக்கினாரோ அத்தனைக்கே கூலி. பெட்டி ஒட்டுவோருக்குக் குரோஸ் கணக்கு. வெடி ஆபீசில் உருட்டுவோருக்கும் திரி செருகுவோருக்கும் பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. ஆலைகளில் இதனைப் பீஸ் ரேட் என்பர். நாடுகளுக்கிடையே கூலியை ஒப்பிட முயல்வோர் ரூபாயையும் யென்னையும் எடுத்து நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி வகுத்துக் கொண்டிருக்க, அந்தத் தாயார் ஒப்பீட்டிற்குரிய அலகைப் பற்றிக் கேட்டுவிட்டார் என்பது நமக்குப் பின்னரே புலப்பட்டது.

உவமையை ஆயும்போது உவமானம் எது என்று முதலில் கேட்பது இலக்கண மரபு. எந்த ஜப்பான்? பெயரைச் சூட்டியோர் கண்முன் இருந்தது, சிறிய தீவுகளில் இருந்துகொண்டு உலகச் சந்தையெங்கும் பொருள்களை அனுப்பிய சுறுசுறுப்பான ஜப்பான். ஆனால் தீப்பெட்டியின் வரலாற்றில் வேறொரு ஜப்பான் உண்டு. 1870களில் அந்நாட்டில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், கோபே, ஒசாகா நகரங்களைச் சுற்றிப் பெருகிற்று. அதன் சரக்கு சீனாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறியது. நம் பாட்டன்மார் அடுப்பு மூட்டிய தீப்பெட்டிகளில் ஸ்வீடனிலிருந்து வந்தவையும் ஜப்பானிலிருந்து வந்தவையும் மிகுதி. அந்தப் பெட்டிகளை நிரப்பிய கைகள் யாருடையவை? 1899இல் யோக்கோயாமா கென்னொசுகே என்னும் இதழாளர் ஜப்பானின் அடித்தட்டு மக்களைப் பற்றி எழுதிய நூலும், 1903இல் அந்நாட்டு வேளாண்மை வணிக அமைச்சகமே வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கையும் விடை கூறுகின்றன: ஏழைக் குடும்பத்துப் பெண்களும் சிறுவர் சிறுமியருமே அவ்வேலையைச் செய்தனர். பத்து வயதும் நிரம்பாத பிள்ளைகள் அங்கே குச்சி அடுக்கினர். கூலி எண்ணிக்கைக் கணக்கில் வழங்கப்பட்டது.

ஆகவே, ‘குட்டி ஜப்பான்’ என்னும் உவமை, அதனைச் சொன்னோர் எண்ணாத ஒரு வகையில் மிகப் பொருத்தமானதே. சிவகாசி ஜப்பானைப் போல் இருந்தது உண்மை. 1903இன் ஜப்பானைப் போல் 1983இல் இருந்தது.

இந்த எண்பதாண்டு இடைவெளியில் ஜப்பானில் நிகழ்ந்தது என்ன என்பதைச் சுருங்கக் கூறலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொடக்கப்பள்ளிக்குச் செல்லும் வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அங்கே பள்ளியில் பெயர் பதிந்திருந்தனர். 1911இல் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறிற்று. முதலாளிகளின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வர 1916 ஆயிற்று. அப்போதும் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை பார்த்த பட்டறைகள் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டவில்லை. 1921இல் நச்சுத்தன்மையுள்ள வெண்பாஸ்பரத் தீக்குச்சி தடை செய்யப்பட்டது. 1947இல் தொழில் தரச் சட்டமும் 1959இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் வந்தன. ஜப்பானியரின் இயல்பான ஒழுக்கமே அவர்களை உயர்த்தியது என்று மேடைகளில் கேட்கிறோம். அவர்களுடைய முதலாளிகளும் ஐந்தாண்டுகள் சட்டத்தை நிறுத்தி வைத்தவர்களே என்பதை அம்மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

இனி உவமேயத்திற்கு வருவோம். சிவகாசியின் தொடக்கம் இகழ்ச்சிக்குரியதன்று. வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்தால் பிழைப்பில்லாத ஊரில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அடுத்த ஆண்டே ஆலை தொடங்கினர். அதே காலத்தில் இறக்குமதித் தீர்வை உயர்ந்தது. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு எதிராக உள்நாட்டுத் தொழிலுக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாசு ஆலைகள் எழுந்தன. காலண்டரும் லேபிளும் அச்சிடும் அச்சகங்கள் உடன் வளர்ந்தன. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இவ்வட்டாரத்தினுடையது என்பர். பண்ணையாரின் காட்டில் குனிந்து நின்று நெல்லோ கம்போ கூலியாகப் பெற்றுவந்த பெண், நிழலில் அமர்ந்து சனிக்கிழமை தோறும் கையில் காசு வாங்கத் தொடங்கினாள். இதனை விடுதலையாகவே அவள் உணர்ந்தாள். தொழிற்சாலையைக் கண்டித்து எழுதும் நம்மில் பலர் அந்தக் காட்டு வேலையை அறியாதவர்கள். வரலாற்றுக்கு இந்த நன்றி உரியது.

ஆயினும் அத்தொழில் எந்த வடிவில் வளர்ந்தது என்பதைக் காண வேண்டும். 1934 முதல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. கையால் செய்யும் சிறு ஆலைகளுக்கு வரிச் சலுகை கிடைத்தது. எந்திரத்தை எதிர்த்துக் கைத்தொழிலைக் காக்க எழுந்த நல்ல நோக்கமே அது. விளைவோ, பெரிய முதல் சிறு ஆலைகளாகப் பிரிந்து தன்னைச் சிறிதாகக் காட்டிக்கொண்டதும், கையின் கூலி குறைவாக இருக்கும் வரை எந்திரம் தேவைப்படாததும் ஆயிற்று. மிக மலிந்த கை குழந்தையின் கையே. விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஆபீஸ் பேருந்துகளை நம் வாசகரில் மூத்த ஆயர்கள் கண்ணால் கண்டிருப்பர்.

1983இல் ஸ்மிது கோத்தாரி, அத்தீக்குச்சிகளில் இரத்தம் தோய்ந்திருக்கிறது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின் சிவகாசி வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர் 45,000 பேர் என்னும் எண் பலராலும் எடுத்தாளப்பட்டது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டிய அரசுக் கணக்கோ வேறு: 1985 டிசம்பர் 31இல் சிவகாசியில் பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, தொழிலாளர் 27,338 பேர், அவருள் குழந்தைகள் 2,941 பேர். இரண்டு எண்களும் எல்லையாலும் அளவையாலும் வேறுபட்டவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாதவர், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுபவர், அக்காளின் கணக்கில் கட்டை அடுக்கும் தங்கை ஆகியோர் பின்னதில் எங்கே இருக்கின்றனர்? இரண்டு நாடுகளை ஒப்பிடப் புகுவோர் முதலில் ஒரே ஊரின் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பழகுவது நலம்.

1990இல் சலம் பென்னூர்க்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். பட்டப்பெயரைப் பற்றிய மிகச் சிறந்த திறனாய்வு அந்தப் படத்தின் தலைப்பே என்பது நம் கருத்து. பெருமைச் சொல்லை மாற்றவுமில்லை, மறுக்கவுமில்லை. ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்து, அதன்கீழ்க் குழந்தைகளை அமர்த்திவிட்டார். அவ்வளவில் உவமை உடைந்தது.

அந்நாள் முதல் நம் திருச்சபைகளும் இறையியல் கல்லூரிகளும் சிவகாசியைப் பற்றிப் பேசத் தொடங்கின. கருத்தரங்குகள் நடந்தன; உண்டியல் எடுத்தோம். ஆயினும் நம் பேச்சில் ஒரு குறை இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பார்த்தோம், அதன் அருகில் அமர்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருந்த தாயைப் பார்க்கவில்லை. குழந்தை இரக்கத்தை எழுப்பிற்று. தாயின் கூலியோ கணக்குக் கேட்கும் பொருளாதலின் அருளுரைக்கு ஒத்துவரவில்லை. உச்சநீதிமன்றம் இவ்வகையில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 1996 டிசம்பர் 10இல் வழங்கிய தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் பணித்தது. பிள்ளை பள்ளிக்குச் செல்வதும் பெரியவரின் வருவாயும் ஒரே கேள்வி என்பதை நீதிபதிகள் கண்டுகொண்டனர்.

சத்துணவும் பள்ளியும் தீர்ப்பும் தொண்டு நிறுவனங்களின் உழைப்பும் சேர்ந்து, ஆலைக்குள் குழந்தைகள் வரிசையாக அமர்ந்திருந்த காட்சியைப் பெரிதும் அகற்றின. தீப்பெட்டித் தொழிலில் எந்திரம் புகுந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சிற்றூர்களுக்கு வந்தபோது, ஆபீசுகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. மாற்று வேலை ஒன்று இருந்தால் கூலி பேசும் நாவும் முளைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆனால் பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலி நீங்கவில்லை. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை.

கூலி ஒரு பத்தி, பணியிடப் பாதுகாப்பு மற்றொரு பத்தி என்று பிரித்து இரண்டு நாடுகளின் நிலையை அட்டவணையாக்கும் வழக்கம் உண்டு. பட்டாசு ஆலையைப் பொறுத்தவரை இப்பிரிவினை பொய். மருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், அறைக்கும் அறைக்கும் உரிய தொலைவு வேண்டும், கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், உராய்வு கூடாது. வெடிபொருள் விதிகள் இவ்வாறு கூறுகின்றன, நல்ல விதிகள். இவை அனைத்தும் மெதுவாக வேலை செய்யச் சொல்கின்றன. எண்ணிக்கைக் கூலியோ விரைந்து வேலை செய்யச் சொல்கிறது. மெதுவாகக் கை வைக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் தொழிலாளி தன் கூலியிலிருந்து செலுத்துகிறார். தீபாவளி நெருங்கும்போது, முன்பணம் வாங்கிய குடும்பத்திற்கு அவசரம் இன்னும் கூடுகிறது. அறையைக் குத்தகைக்கு எடுத்தவரும் எண்ணிக்கையைக் கொண்டே குத்தகையை மீட்க வேண்டியவராதலால், நால்வர் அமரும் அறையில் மேலும் சிலர் அமர்கின்றனர். மரத்தடியிலும் வேலை நடக்கிறது. பின்னர் விபத்து நேர்ந்தால் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று செய்தி வருகிறது.

2012 செப்டம்பர் 5இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். உதவிக்கு ஓடிய அயலூராரும் அவருள் இருந்தனர். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கு இடையிலும் பின்னரும் ஓரிருவர், ஐவர், பத்துப்பேர் என இறந்த நிகழ்ச்சிகளை நாம் எண்ணவில்லை. நாளேட்டின் உட்பக்கத்தில் வருவதால் அவற்றை நாம் மறப்பதும் எளிதாகிறது.

அண்மைக் காலத்தில் ஜப்பானுக்குப் பதிலாகச் சீனா ஒப்பீட்டில் வந்து நிற்கிறது. சீனப் பட்டாசு மலிவாக வருகிறது, ஆகவே கூலியை உயர்த்த இயலாது என்பது உற்பத்தியாளர் வாதம். திருட்டுத்தனமாக வரும் சரக்கால் சிவகாசி துன்புற்றது உண்மையே. ஆனால் இந்த ஒப்பீட்டின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2001 மார்ச் 6இல் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஃபாங்லின் என்னும் சிற்றூர்த் தொடக்கப்பள்ளி வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் மாணவர். வகுப்பறையிலேயே தம் பிள்ளைகள் பட்டாசு வேலை செய்ய வைக்கப்பட்டனர் என்று பெற்றோர் கூறினர். அரசு முதலில் மறுத்தது. இத்தகைய போட்டியாளரை அளவுகோலாக வைத்து நம் கூலியை அளப்போமாயின், அளவுகோல் தாழ்ந்துகொண்டே செல்லும். ஜப்பானிலும், கூலி உயர்ந்தபின் சிறுவர் கையில் பிடிக்கும் மத்தாப்பு வகைகளைச் செய்வோர் குறைந்து, அவை பெரும்பாலும் சீனாவிலிருந்து இறக்குமதியாயின. அபாயமும் மலிந்த கையும் கடல் கடந்து வேறு நாட்டுக்குப் போயின. இரு நாட்டு ஒப்பீட்டில் இவ்வாறு மூன்றாவது நாடு ஒன்று மறைந்து நிற்பதுண்டு.

திருச்சபை வரலாற்றில் தீப்பெட்டிக் கூலி ஒருமுறை மெய்யாகவே ஒப்பிடப்பட்டது. 1888 ஜூலையில் லண்டன் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னாளில் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசண்ட் அம்மையாரே அவர்களுடைய கூலியையும் அபராதங்களையும் இதழில் எழுதி வெளிப்படுத்தினார். 1891இல் இரட்சணிய சேனை அதே நகரின் கிழக்குப் பகுதியில் சொந்தத் தீப்பெட்டி ஆலையைத் திறந்தது. தாடை எலும்பை அரிக்கும் வெண்பாஸ்பரத்தை விலக்கிற்று. மற்ற இடங்களில் ஒரு குரோஸுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பென்ஸ் கொடுத்த வேளையில் நான்கு பென்ஸ் கொடுத்தது. அதற்கேற்பப் பெட்டியின் விலை கூடுதலாயிற்று. கிறிஸ்தவ மக்கள் அதனைப் பாராட்டினர். கடையில் மலிவான பெட்டியை வாங்கினர். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அந்த ஆலை மூடப்பட்டது. வெண்பாஸ்பரத்தை ஒழிக்க 1908இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1910இல் அது நடைமுறைக்கு வந்தது. 1913இல் இந்தியாவிலும் அதற்குச் சட்டம் வந்தமையால் சிவகாசி அந்த நோயிலிருந்து தப்பியது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டு இரவுக்கும் வெடி வாங்கும் நம் இல்லங்கள் இந்த வரலாற்றிற்கு வெளியே இல்லை.

நம் மறைநூல் விளக்கத்திலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமையை நாம் பெரும்பாலும் கிருபையைப் பற்றியதாகவே விளக்கி, கூலியைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். அத்தோட்டக்காரர் எத்தனை கூடை பறித்தாய் என்று எவரையும் கேட்கவில்லை. ஒருநாள் பிழைப்புக்குரிய பணத்தைக் கடைசியில் வந்தவருக்கும் கொடுத்தார். கட்டைக் கணக்கில் வாழும் சபைக்கு இச்செய்தி மற்றச் சபைகளுக்குக் கேட்பதைப்போல் கேட்காது. உபாகமம் 24ஆம் அதிகாரம் ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்வதும், யாக்கோபு 5ஆம் அதிகாரம் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாகக் கூறுவதும் நாமறிந்தவை. ஆனால் அந்தக் கூலி எந்த அலகில் அளக்கப்பட்டது என்று நம் வகுப்பறைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இதனைக் கேட்டது. எண்ணிக்கைக் கணக்கில் உழைப்போருக்கும், நேரத்தை அடிப்படையாகக் கொண்டு ஓர் உறுதிக் கூலியை அரசு நிர்ணயிக்கலாம் என்று அது இடம் வைத்தது. அந்த இடம் அவ்வட்டாரத்து வெடி ஆபீசில் எவ்வளவுக்கு நிரம்பியுள்ளது என்பதைக் களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர் வீடுதோறும் கேட்டு எழுதி வரலாம். எத்தனை மாதம் வேலை, மழைநாளில் கூலி உண்டா, முன்பணம் எவ்வளவு நிற்கிறது, ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் உள்ளதா என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால், கருத்தரங்குகளில் நாம் வழங்கும் பொதுவுரைகள் கொஞ்சம் குறையும்.

அந்தத் தாயாருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற இரண்டாண்டு சென்றது. மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது அவர் இல்லத்திற்குப் போனோம். ஜப்பானில் இப்போது கட்டை அடுக்குவோர் இல்லை, எந்திரம் செய்கிறது, அங்கே கூலியை மணிக்கணக்கில் வரையறுக்கின்றனர், 2023இல் அந்நாட்டின் சராசரிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,000 யென்னைக் கடந்தது என்று விளக்கினோம். யென் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. மணிக்கணக்கு என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

“அப்ப மெதுவாச் செஞ்சாலும் குடுப்பாகளாய்யா?”

“குடுப்பாங்கம்மா.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தம் இளைய மகள் இப்போது வெடி ஆபீசில் மருந்து செலுத்தும் அறைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், தீபாவளி நெருங்குவதால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது என்றும் கூறி, அவளுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார்.